கழற்றும்படி மாட்டுகிறவர்

அரூரில் சேலம் சாலையில் அவருக்கு ஒரு கடை இருந்தது என்று சொன்னால் அது பாதி உண்மைதான். கடை அங்கே தொங்கிக்கொண்டிருந்தது. கூரையின் இரும்புக் குழாயில் கொக்கி, கொக்கியில் கயிறு, கயிற்றில் பலகை, பலகையில் சாமான்கள். சுவரில் ஓர் ஆணி கிடையாது. காலண்டர்கூடக் குழாயிலிருந்துதான் தொங்கியது. மின்விசிறியைப் போட்டால் மாதங்கள் தாமாகப் புரண்டு, ஆடியிலேயே தீபாவளி வந்துபோகும்.

பதினோரு வருடமாக அதே இடத்தில் வாடகைக்கு இருக்கிறார் என்று கேள்விப்பட்டுக் கேட்டேன். "ஏண்ணே, ஒரு ஆணி அடிச்சா கட்டடக்காரர் கோவிச்சுக்குவாரா?"

"அவரு ஒன்னும் சொல்லமாட்டாருங்க சார். ஆணிய எப்ப வேணும்னாலும் புடுங்கிடலாம். ஓட்டைய எப்பிடிங்க புடுங்கறது?"

பழைய கார், ஜீப், வேன்களுக்குப் புதிய பாட்டு செட் மாட்டுவது அவர் தொழில். பெயர் எனக்குத் தெரியாது. கடையில் பெயர்ப் பலகை இல்லை. பலகை எழுதினால் பெயின்ட்டைச் சுரண்ட வேண்டிவரும் என்று நினைத்திருப்பார். என் கைபேசியில் 'செட் அண்ணன்' என்று பதிந்து வைத்திருந்தேன். ஐம்பத்தைந்து வயதிருக்கும். காதில் ஒரு பென்சில். அடுத்தவர் காருக்குள் உட்காருமுன் செருப்பைக் கழற்றி வெளியே விடுவார். எழுதுவதெல்லாம் பென்சிலில்தான். பேனா அவர் சட்டைப் பையில் ஒருநாளும் நான் பார்த்ததில்லை.

எதையும் திரும்பக் கழற்றும்படி மாட்ட வேண்டும் என்பது அவருடைய ஒரே கொள்கை. வேறு கொள்கை இருந்ததாகத் தெரியவில்லை. ஒன்று போதும் என்று விட்டிருக்கலாம்.

அவரிடம் நான் போய்ச் சேர்ந்தது என் சொந்த முயற்சியால். அதைச் சொல்லாமல் அவரைச் சொல்ல முடியாது. ஆகவே மானத்தைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டுச் சொல்கிறேன். ஆறு வருடம் ஆகிறது.

என் மாமனார் கம்பைநல்லூர்ப் பக்கத்து விவசாயி. மாதா கோயில் குடும்பம். நாங்கள் பிள்ளையார் கோயில் குடும்பம். இரண்டு கோயிலையும் கேட்காமல் நானும் அவர் மகளும் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டோம். அதற்குப் பிறகு நான்கு வருடம் அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. என் முன்னால் பேசுவார், என்னைப் பற்றிப் பேசுவார், என் திசையில்கூடப் பேசுவார். எல்லாம் மகள் வழியாகத்தான். நான் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, "வாத்தியாருக்கு ரசம் வேணுமான்னு கேளு" என்பார். அவள் அடுப்படியில் இருந்தால் கேட்கமாட்டாள். ரசம் வேண்டுமென்று நானும் சொல்ல முடியாது. என்னிடம் யாரும் கேட்கவில்லையே.

அப்படிப்பட்டவர், கண் ஆபரேஷனுக்காக ஓசூரிலிருந்த மகன் வீட்டுக்குப் போகும்போது, தம்முடைய காரை எங்கள் வீட்டில் விட்டுப் போனார். இருபத்து மூன்று வயதான வெள்ளைக் கார். சாவியை என் கையில் கொடுக்கவில்லை. மேசைமேல் வைத்தார். ஆனால் எனக்கு எட்டும் தூரத்தில் வைத்தார். "இங்கயே இருக்கட்டும்" என்று மேசையிடம் சொன்னார்.

அவர் போனதும் என் மனைவி சாவியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். "அந்த வண்டிய எங்கண்ணன்கிட்டயே குடுத்ததில்ல. உங்கள நம்பி உட்டுட்டுப் போறாரு. பத்தரமா பாத்துக்கங்க. நல்லது பண்றேன்னு ஒன்னும் பண்ணிடாதீங்க."

என்னை அறிந்தவள். நான்தான் என்னை அறியவில்லை.

கண் ஆபரேஷன் முடிந்து வருகிற மனிதர் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்து ரிவர்ஸ் எடுக்கச் சிரமப்படுவாரே என்று யோசித்தேன். ஒன்பது அங்குலத் திரை வைத்த புதிய செட் ஒன்று வாங்கினேன். பின்னால் கேமரா, முன்னால் படம், பாட்டு, வரைபடம் எல்லாம் உண்டு. அவர் வந்து உட்கார்ந்து திரையைப் பார்த்து, 'யார் மாட்டியது?' என்று மகளிடம் கேட்பார். 'அவர்தான்' என்பாள். அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்பதைப் பல விதமாகக் கற்பனை செய்து வைத்திருந்தேன். எல்லா விதத்திலும் கடைசியில் அவர் என்னிடம் பேசினார்.

நான் பன்னிரண்டாம் வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறவன். மின்னோட்டவியல் பாடத்தைப் பல வருடமாக நடத்துகிறேன். தவறாக நடத்தினேன் என்று ஒரு மாணவனும் சொன்னதில்லை. தூங்குகிறவர்கள் எப்படிச் சொல்வார்கள் என்பது அப்போது தோன்றவில்லை. கைபேசியில் ஒரு வீடியோ பார்த்தேன். அது இந்தியில் இருந்தது. எனக்கு இந்தி தெரியாது. கரண்டுக்கு ஏது மொழி என்று விட்டுவிட்டேன்.

பழைய செட்டின் பின்னால், வயர்களெல்லாம் வந்து சேர்கிற பிளாஸ்டிக் முனை ஒன்று இருந்தது. அதைக் கப்ளர் என்பார்கள். புதிய செட்டில் அது பொருந்தவில்லை. வெட்டினேன்.

அன்று மாலை செட் பாடியது. இருபது நிமிடம் அரூரிலேயே பெரிய விஞ்ஞானி நான்தான். பிறகு ஒரு வாசனை வந்தது, பாட்டு நின்றது. மறுநாள் காலை வண்டி கிளம்பவில்லை, பேட்டரி செத்திருந்தது. இரவல் பேட்டரி ஒன்றை வைத்துப் பார்த்தேன். இடது பக்க இண்டிகேட்டரைப் போட்டால் திரை கண்ணடித்தது. இது எப்படி நடந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பாடப் புத்தகத்திலும் இல்லை.

அது வியாழக்கிழமை. மாமனார் ஞாயிற்றுக்கிழமை வருகிறார்.

பள்ளியிலிருந்து இரண்டு ஆசிரியர்களை அழைத்து வந்து வண்டியைத் தள்ளினேன். வேதியியல்காரர் பின்னாலிருந்து மூச்சிரைக்கக் கேட்டார். "சார், இது உங்க டிபார்ட்மென்ட்தானே?"

செட் அண்ணன் குனிந்து டேஷ்போர்டுக்குள் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். இழவு வீட்டில் முகத்துணியை விலக்கிப் பார்ப்பவரைப் போலப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"யாருங்க சார் வேலை பாத்தது?"

"ஒரு வெளியூர்க்காரர்" என்றேன்.

"நல்லா படிச்சவருங்களா?"

"ஏன் அப்படிக் கேக்கறீங்க?"

"படிக்காதவன் வெட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவ பயப்படுவான் சார்."

நான் சாலையில் போகும் பஸ்ஸைப் பார்த்தேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்தார். "சாருக்கு ஸ்கூலுங்களா? என்ன பாடம்?"

"தமிழ்" என்றேன்.

"செரி செரி" என்றார். அதற்கு மேல் கேட்கவில்லை. அன்றிலிருந்து நான் அவருக்குத் 'தமிழய்யா'.

அவர் வேலை செய்வதைப் பார்க்கப் பொறுமை வேண்டும். டெஸ்ட் லேம்ப் என்று ஒரு சின்ன பல்பு வைத்திருந்தார். ஒவ்வொரு வயராகத் தொட்டு, சாவியைப் போட்டு, எடுத்து, விளக்கைப் போட்டு, அணைத்துப் பார்த்தார். சிவப்பு வயர் என்றால் இதுதானே என்று நான் சொன்னதற்குத் தலையை ஆட்டினார்.

"கலர நம்பக்கூடாதுங்க தமிழய்யா. கலரு கம்பெனிக்காரன் சொன்னது. பல்பு எரியறது வயரு சொல்றது."

ஒவ்வொன்றிலும் காகிதப் பட்டி ஒட்டிப் பென்சிலில் எழுதினார். 'எப்பவும் உசுரு.' 'சாவி போட்டா உசுரு.' 'லைட் போட்டா உசுரு.' எழுதி முடித்ததும் என் பாவங்கள் வரிசையாகத் தெரிந்தன. எப்போதும் உயிர் உள்ள வயரையும் சாவி போட்டால் உயிர் வருகிற வயரையும் நான் ஒன்றாக முறுக்கி வைத்திருந்தேன்.

"வண்டிய நிறுத்திட்டுப் போனாலும் செட்டு தூங்கலீங்க. ராத்திரி பூரா முழிச்சிருந்து பேட்டரியத் தின்னுருக்குது. அப்பறம் இந்த ஸ்பீக்கரு. பழைய வண்டியில ஸ்பீக்கருக்கு ஒரு கால் வண்டி பாடியிலயே நிக்கும். புது செட்டுக்கு ரெண்டு காலும் தனித்தனியா வரணும். நீங்க எல்லாக் காலையும் சேத்துக் கட்டி..." நிறுத்தினார். "அந்த வெளியூர்க்காரரு கட்டியிருக்காரு."

பக்கத்தில் ஒரு போண்டாக் கடை. அவர் மனைவியுடையது. அந்த அக்காவுக்குப் புருஷன் கொள்கையைப் பற்றி வேறு கருத்து உண்டு, கேட்காதவர்களுக்கும் சொல்வார்.

"எனக்குத் தாலி கட்டும்போதே இந்த ஆளு சுருக்கு முடிச்சாத்தான் போட்டாரு சார். இழுத்தா வந்துடும். நல்ல வேள, மீதி ரெண்டு முடிச்சு நாத்தனா போட்டா. இல்லன்னா அப்பவே எங்க வூட்டுக்குப் போயிருப்பேன்."

"இப்பவும் அவுக்கலாம்" என்றார் அவர், காருக்குள்ளிருந்து.

"அவுப்பீங்க, அவுப்பீங்க. போண்டாவுக்கு எங்க போவீங்க?"

பேத்திக்குத் தீர்த்தமலையில் காது குத்தும்போதும் இவர்தான் தகராறு செய்தாராம். பிள்ளை பெரியவளாகி வேண்டாம் என்றால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார். கம்மல் போடாமல் விட்டால் துளை தூர்ந்துவிடும் என்று ஆசாரி விளக்கியபிறகுதான் மடியைக் கொடுத்தார். அக்கா இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். சிரிக்காமல் சொன்ன ஒன்றும் உண்டு. "ஊத்தங்கரை ரோட்டுல ஒரு எடம் வந்துச்சு சார். அப்ப கையில இருந்துச்சு, வாங்கியிருக்கலாம். வாங்கிட்டா அங்கயே இருக்கணுமேன்னு இவரு யோசிச்சாரு. யோசிக்கறதுக்குள்ள வேற ஆளு வாங்கிட்டான்." போண்டாவைத் திருப்பிப் போட்டுவிட்டு, "எல்லாத்தையும் திருப்பலாம்னு இருந்தா ஒன்னத்தையும் புடிச்சுக்க முடியாது" என்றார். காருக்குள் அவர் அடுத்த வயருக்குப் பட்டி ஒட்டினார்.

பேச்சிலும் அவர் அப்படித்தான். அன்று நான் உட்கார்ந்திருக்கும்போதே ஒரு சரக்கு வேன்காரர் வந்தார். அரை மணியில் செட் மாட்டவேண்டும், கப்ளர் தேடிக்கொண்டிருக்க நேரமில்லை, வெட்டி முறுக்கு என்றார். இவர் முடியாது என்றார். வேன்காரர் கத்தினார். "ஒரு வயர வெட்ட பயப்படறவன் எதுக்குய்யா கடைய தொறந்து வெச்சிருக்க?"

அண்ணன் எழுந்தார். காதிலிருந்த பென்சிலை எடுத்தார். "நானும் ஒன்னு சொல்லிடுவேன்..." என்றார். அங்கேயே நிறுத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வேன்காரர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுக் கிளம்பினார். இருபது நிமிடத்தில் திரும்பி வந்தார்.

"என்னமோ சொல்ல வந்தியே, இன்னா அது?"

"மறந்துட்டேங்க. வண்டிய நெழல்ல விடுங்க. கப்ளர் எடுத்து வெச்சுட்டேன்."

கடைசி வார்த்தையை அவர் யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை. சொன்னால் திரும்ப எடுக்க முடியாது.

என் வண்டிக்கு வருகிறேன். வயர்களைப் பார்த்து முடித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "வெட்டுன கப்ளர் எங்கீங்க?"

"குப்பையில போட்டுட்டேன்... போட்டுட்டாராம்."

"தேடி எடுத்துட்டு வாங்க. மொதல்ல பழைய செட்டு, இருந்த மாதிரியே உக்காரட்டும். அப்பறந்தான் புதுசு."

"நான் புதுசு மாட்டத்தானே வந்தேன்?"

"வண்டி உங்களுதுங்களா?"

"மாமனாருது."

"அவருக்குத் தெரியுங்களா?"

நான் மறுபடியும் பஸ்ஸைப் பார்த்தேன். அந்த நேரத்தில் பஸ் எதுவும் இல்லை.

"அப்ப அவரு வந்து வேணும்னு சொல்லட்டுங்க. வேண்டாம்னு சொல்றதுக்கும் அவருக்கு ஒரு வழி இருக்கணுமில்லீங்களா?"

வீட்டுக்குப் போய்க் குப்பைக் கூடையைத் தரையில் கொட்டி, வெங்காயத் தோலுக்கு நடுவில் உட்கார்ந்து தேடினேன். என் மனைவி சமையலறைக்குப் போய்ப் புளி டப்பாவைத் திறந்து கப்ளரை எடுத்து வந்தாள்.

"ஒருநாள் தேடுவீங்கன்னு தெரியும்" என்றாள்.

"தெரிஞ்சா வெட்டும்போதே சொல்லக்கூடாதா?"

"சொன்னேனே. வெட்டறதுக்கு முந்தின வாரம்."

வெள்ளியும் சனியும் பள்ளி விட்டதும் கடைக்கு ஓடினேன். கப்ளரிலிருந்து தொங்கிய ஒவ்வொரு வயரையும் அதனதன் ஜோடியோடு சேர்த்து, மூட்டுகள் ஒன்றோடொன்று உரசாதபடி ஏற்றி இறக்கிக் கட்டி, மேலே துணி டேப் சுற்றினார். ரத்தக் குழாய் தைக்கும் டாக்டருக்குக்கூட அந்த முகம் இருக்காது. புதிய செட்டுக்கு, வேறொரு பழைய வண்டியின் கப்ளரிலிருந்து இடைத்துண்டு ஒன்று செய்தார். அதன் ஒரு முனை வண்டியில் சேரும், மறுமுனை புது செட்டில் சேரும். ஸ்பீக்கர்களுக்கும் அதே ஏற்பாடு. "இனி எதையும் வெட்ட வேண்டாங்க தமிழய்யா. இத புடுங்கி அத சொருகினாப் போதும். பத்து நிமிசம்." இடைத்துண்டைச் செய்தித்தாளில் சுற்றிப் புது செட்டின் பெட்டிக்குள்ளேயே வைத்து நூல் கட்டிக் கொடுத்தார். முடிச்சு, சுருக்கு முடிச்சு.

கடைசியாகப் பழைய செட்டை உள்ளே தள்ளும்போது கை நின்றது.

"இந்த பிரேமுல மேல ஒரு ஸ்க்ரூ இல்லீங்களே. நீங்க கழட்டினீங்களா... அந்த வெளியூர்க்காரரு?"

"இல்லண்ணே. முன்னாடியே இல்ல."

அவர் துளையில் டார்ச் அடித்துப் பார்த்தார். "ஆமாங்க. தூசி பழசு. வண்டி வேகமா போனா கடகடன்னு சத்தம் வருமே?"

"வரும். ஒருதடவ ஓட்டிப் பாத்தேன், மண்டைக்குள்ள அடிக்கற மாதிரி சத்தம்."

"போட்டுடட்டுங்களா, இருந்த மாதிரியே உட்டுடட்டுங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சத்தத்தையுமா பத்திரமா திருப்பி வெப்பீங்க?"

"வேணும்னே யாராச்சும் கழட்டியிருந்தா? மீட்டர் முள்ளுகூட ஒடஞ்சு கெடக்குது. அதையும் சரி பண்ணாம ஓட்டறாரு. அவரு வந்து சொல்லட்டுமே."

"சத்தம் வரணும்னு எவனாவது ஸ்க்ரூவக் கழட்டுவானா? போடுங்கண்ணே."

போட்டார். மனமில்லாமல் போட்டார் என்பது ஸ்க்ரூ டிரைவர் சுற்றிய வேகத்திலேயே தெரிந்தது. எனக்கு ஒரு திருப்தி. இத்தனை கலவரத்துக்கும் நடுவில் மாமனாருக்கு என்னால் ஒரு சிறு நன்மையாவது நடந்தது, அது அவருக்குத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கறுப்புக் கண்ணாடியோடு வந்தார். வண்டியை மூன்று முறை சுற்றினார். உட்கார்ந்தார். ரேடியோவைத் திருகினார். மீடியம் வேவ் இரைச்சலுக்கு நடுவே ஒரு பெண் தக்காளி விலையும் மஞ்சள் விலையும் வாசித்தாள். முழுவதும் கேட்டார். பிறகு மகளிடம், "கெளம்பறேன்னு சொல்லு" என்றார். "பாத்துப் போயிட்டு வரச் சொல்லு" என்றேன் நானும் அவளிடம். புதிய செட் கட்டிலுக்கு அடியில் இருந்தது.

புதன்கிழமை அரை நாள் விடுப்பில் வீட்டிலிருந்தேன். வாசலில் வெள்ளைக் கார் வந்து நின்றது. மாமனார் இறங்கி, என் தோளுக்கு மேலாக வீட்டுக்குள் பார்த்தார்.

"அவ வேலைக்குப் போயிருக்காங்க" என்றேன்.

அவர் முகத்தில் நெருக்கடி தெரிந்தது. நான்கு வருடத்தில் முதல் முறையாக எங்களுக்கு நடுவில் ஆள் இல்லை. தெருவைப் பார்த்தார், தெருவில் யாரும் இல்லை. எதிர்வீட்டு மதிலில் ஒரு பூனை இருந்தது, அதையும் கொஞ்ச நேரம் பார்த்தார். அதனிடம் சொல்ல முடியாது என்று முடிவு செய்திருக்க வேண்டும்.

"மாப்ளே," என்றார், "வண்டியில சத்தத்தக் காணோம்."

நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன், வேறு யாராவது மாப்பிள்ளை நிற்கிறாரா என்று.

"அம்பதத் தாண்டினா கடகடன்னு கத்தும். மீட்டரு ஒடஞ்சு வருசமாச்சு. நாந்தான் அந்த ஸ்க்ரூவக் கழட்டி உட்டேன். அது கத்துனா நான் கால எடுத்துருவேன். ஞாயித்துக்கெழம இங்கிருந்து போறேன், போறேன், சத்தமே இல்ல. மெதுவாத்தான் போறோம்னு நெனச்சுக்கினு மிதிக்கறேன். முக்கா மணி நேர வழி, அரை மணியில வூட்டாண்ட நிக்கறேன். ஒரு ஆட்டுக்குட்டி மயிரெழையில தப்பிச்சுது."

'மாப்ளே' என்ற அந்த ஒரு வார்த்தையில் நான் ஏற்கெனவே பாதி கரைந்திருந்தேன். மீதிப் பாதியையும் சொல்லிவிட்டேன். திரை, கேமரா, இந்தி வீடியோ, கப்ளர், புளி டப்பா, எல்லாம். அவர் கடைசிவரை குறுக்கே பேசவில்லை. நான் நிறுத்தியதும், "வண்டியில ஏறுங்க" என்றார். திட்டு இல்லை. முன் சீட்டைக் காட்டினார்.

கடையில் அண்ணன் விஷயத்தைக் கேட்டார். "வேணும்னே கழட்டுனதுங்களா ஐயா?" என்று மட்டும் மாமனாரைக் கேட்டார். நான் சொன்னேனே என்று என்னைப் பார்த்து ஒரு பார்வை பார்க்க அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது. பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் ஸ்க்ரூவை எடுத்தார். காகிதத்தில் மடித்து என் கையில் கொடுத்தார். "வெச்சுக்கங்க தமிழய்யா."

"தமிழய்யாவா?" என்றார் மாமனார். "எம் மாப்ளைங்க இவரு. பெரிய ஸ்கூலுல பன்னண்டாவதுக்கு பிசிக்ஸ் எடுக்கறாரு." அவர் குரலில் பெருமை இருந்தது. என்னைப் பற்றி அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் நல்ல வார்த்தை. நான்கு வருடம் காத்திருந்து, அரூரிலேயே அதைக் கேட்கக்கூடாத ஒரே இடத்தில் கேட்டேன். போண்டாக் கடையில் கரண்டி நின்றது.

அண்ணன் பென்சிலைக் காதில் செருகினார். "தெரியுங்க ஐயா. மொத நாளு வரும்போதே கழுத்துல அட்டை போட்டுக்கினுதான் வந்தாரு."

அடையாள அட்டை. பெயர், படம், பாடம். மூன்று நாளும் அதை மாட்டிக்கொண்டுதான் அவர் முன்னால் தமிழாசிரியராக உட்கார்ந்திருந்தேன்.

"அப்ப ஏண்ணே சொல்லல?"

"நீங்களே மாத்திச் சொல்லுவீங்கன்னு உட்டுட்டேங்க சார்."

மாமனார் புது செட்டைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கேட்டார். "மீடியம் வேவ் எடுக்குமா?" எடுக்காது என்றார் அண்ணன். "அப்ப எதுக்கு?" என்றார் மாமனார். அது கட்டிலுக்கு அடியிலிருந்து பரணுக்குப் போயிற்று.

பிறகு சாலையை அகலப்படுத்த வந்தார்கள். கோடு கிழித்த இடம்வரை எல்லாக் கடைக்காரர்களும் சுவரோடும் ஷட்டரோடும் மல்லுக்கட்டினார்கள். இயந்திரம் வந்த அன்று காலையில் நான் அந்த வழியாகப் போனேன். அண்ணன் கடை இருந்த இடத்தில் கடை இல்லை. கொக்கி, கயிறு, பலகை, காலண்டர், எதுவும் இல்லை. சுவர் மட்டும் நேற்றுப் பூசியதுபோல வெறுமையாக இருந்தது. இடிக்க வந்தவர்களுக்கே அதை இடிக்கக் கூச்சமாக இருந்திருக்கும். போண்டாக் கடையும் போய்விட்டது. ஊத்தங்கரைப் பக்கம் என்றார் ஒருவர், திருவண்ணாமலை என்றார் இன்னொருவர். என்னிடமிருந்த எண் வேறு யாருக்கோ போய்விட்டது. அந்த அக்கா சொன்னது நினைவுக்கு வந்தது. எதையும் சேதமில்லாமல் எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்பதும் உண்மை. எடுத்துக்கொண்டு போவதற்கு மட்டும்தான் அவரிடம் இருந்தது என்பதும் உண்மை.

சென்ற வருடம் மாமனாருக்கு இரண்டாவது கண்ணும் மங்கிவிட்டது. வண்டி ஓட்டக்கூடாது என்றுவிட்டார்கள். கம்பைநல்லூரிலிருந்து காரை மகன் ஓட்டிவர, பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். வந்து சாவியை மேசைமேல் வைக்கவில்லை. என் கையைத் தேடிப் பிடித்து உள்ளங்கையில் வைத்தார்.

"அந்த டிவிப் பொட்டி இன்னும் இருக்குதா மாப்ளே? மாட்டிக்கங்க. எனக்கு ரேடியோ வூட்ல இருக்குது."

பரணிலிருந்து பெட்டியை இறக்கினேன். நூலை ஒரு இழு இழுத்தேன், அவிழ்ந்தது. செய்தித்தாளைப் பிரித்தேன். இடைத்துண்டில் ஒவ்வொரு முனைக்கும் ஒரு பட்டி. எதை எங்கே செருகவேண்டும் என்று எழுதியிருந்தது. நடுவில் பெரிதாக ஒரு பட்டி. ஐந்து வருடத்தில் பென்சில் கொஞ்சம் மங்கியிருந்தது, ஆனால் படிக்க முடிந்தது.

'பிசிக்ஸ் சார், இதையும் வெட்டிடாதீங்க.'

எனக்குப் பத்து நிமிடம் ஆகவில்லை, இருபது ஆயிற்று. எதையும் வெட்டவில்லை. ஸ்க்ரூவைக் காகிதத்தோடு மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன். எடுத்துப் பார்த்துவிட்டு, மடித்து அங்கேயே வைத்தேன்.

மாமனாரை ஊரில் கொண்டுபோய் விட அந்த வண்டியிலேயே கிளம்பினோம். முன் சீட்டில் கறுப்புக் கண்ணாடியோடு சாய்ந்துகொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். ஒன்பது அங்குலத் திரையில் கம்பைநல்லூர் சாலை நீலக் கோடாக ஓடியது. ஓரத்தில் எங்கள் வேகம் எவ்வளவு என்று எண்ணில் வந்துகொண்டிருந்தது. நான் அதைப் பார்க்கவில்லை. திரைக்குப் பின்னால் பிரேம் கடகடவென்று ஆட ஆரம்பித்தது.

"மாப்ளே," என்றார் அவர், கண்ணைத் திறக்காமல். "அம்பது."

நான் காலை எடுத்தேன்.